பத்தாவது ஆள்

உப்பல் தொழிற்பேட்டையின் உட்தெரு ஒன்றில் அடுத்தடுத்து இரண்டு பட்டறைகள் உள்ளன. இரண்டிலும் லேத் எந்திரங்கள். இரண்டிலும் எட்டெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். ஒன்று கணவர் பெயரிலும் மற்றொன்று மனைவி பெயரிலும் இருக்கின்றன. நடுவே ஒரு செங்கற்சுவர். ஈராண்டுகளுக்கு முன் களப்பணிக்காக அங்கே சென்றபோது, ஒரே குடும்பத்துக்கு எதற்கு இரண்டு பட்டறை என்று கேட்டேன். “பத்தாவது ஆள் உள்ளே வந்தால், அவன் பின்னாலேயே நாலு அலுவலகமும் உள்ளே வரும், தம்பி” என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தார் உரிமையாளர்.

அவர் சொன்னதில் மிகை குறைவு. மின்விசையில் இயங்கும் பட்டறையில் பத்துப் பேர் சேர்ந்தால் அது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின்படி ‘தொழிற்சாலை’ ஆகிவிடும். ஈ.எஸ்.ஐ.யும் அதே பத்தில் தொடங்குகிறது. வருங்கால வைப்பு நிதி இருபதில். ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி 1976-இல் முந்நூறு பேர் கொண்ட ஆலைகளுக்கு வந்தது. 1982-இல் நூறாக இறக்கப்பட்டது. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால், அவை படிக்கட்டாக அமையாமல் சுவராக அமைந்துவிட்டன. ஒன்பதாவது ஆளை அமர்த்தும் செலவு அவருடைய கூலி மட்டுமே. பத்தாவது ஆளின் செலவோ அவருடைய கூலியோடு நிற்பதில்லை.

வரியைக் குறைத்து, விதிகளைத் தளர்த்தி, அரசுச் செலவைக் கட்டுப்படுத்தினால் வேலைவாய்ப்பு பெருகும் என்ற மருந்துச்சீட்டை நம் துறையில் பாதிப்பேர் வேதமாகவும் மீதிப்பேர் வசையாகவும் படிக்கிறோம். நான் இரண்டாம் அணியில் வளர்ந்தவன். உப்பலில் கழித்த ஈராண்டுகள் என் நிலையை மாற்றின. மருந்தில் சத்து இருக்கிறது. அது தவறான நோயாளிக்குப் புகட்டப்படுகிறது என்பதே இன்று என் வாதம்.

முதலில் வரி. 2019 செப்டம்பரில் ஒன்றிய அரசு நிறுவன வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 ஆகவும் குறைத்தது. அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே அறிவித்தது. பலன் என்ன? 2020-23 நிதியாண்டுகளுக்கிடையே பெருநிறுவனங்களின் வரிக்கு முந்தைய இலாபம் ஏறத்தாழ நான்கு மடங்கானது என்றும், ஆள்சேர்ப்பும் ஊதியமும் அதற்கு ஈடாக வளரவில்லை என்றும் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையே குறிப்பிட்டது. இதைக் கொண்டு வரிக்குறைப்பே வீண் என்று முடிவு கட்டுவோர், அந்தச் சலுகை யாருக்குக் கிடைத்தது என்பதைக் கவனிப்பதில்லை. அது கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே. உப்பலிலும் நாச்சாரத்திலும் நான் கண்ட பட்டறைகளில் பெரும்பாலானவை தனிநபர் உடைமை அல்லது கூட்டு வணிகம். கூட்டு வணிக நிறுவனத்துக்கு இன்றும் வரி 30 விழுக்காடுதான். ஆயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனி 22 செலுத்த, பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறை 30 செலுத்துகிறது.

ஜிஎஸ்டியிலும் இதே கதை. பொருள் விற்போருக்கான பதிவு வரம்பு 2019 ஏப்ரலில் 20 லட்சத்திலிருந்து 40 லட்சமாக உயர்ந்தபோது, பழைய வரம்பிலேயே நின்ற சில மாநிலங்களுள் தெலங்கானாவும் ஒன்று, ஆந்திரம் உயர்த்திக்கொண்டது. பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் விற்பவர் உள்ளீட்டு வரி வரவுக்காகத் தாமாகவே பதிவு செய்துகொள்வார் என்பது உண்மை. ஆனால், இரண்டு பேரை வைத்துக்கொண்டு நேரடியாக மக்களுக்கு விற்கத் தொடங்கும் ஒருவருக்கு அந்த இருபது லட்சம் பெரிய தொகை.

இரண்டாவது, விதிகள். தெலங்கானாவின் 2014-ஆம் ஆண்டு டிஎஸ்-ஐபாஸ் சட்டம் உண்மையிலேயே நல்ல முன்மாதிரி. தற்சான்று போதும், உரிய நாளுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம். ஆனால், அது தொழில் தொடங்குவதற்கான கதவு. தொடங்கிய பட்டறை எட்டிலிருந்து எண்பதாக வளரும் வழியில் உள்ள சுவர்களை அது தொடவில்லை. 2018-19 பொருளாதார ஆய்வறிக்கை, பத்தாண்டுகளைக் கடந்தும் நூறு பேரை எட்டாத நிறுவனங்களைக் ‘குள்ளர்கள்’ என்றது. அமைப்புசார் உற்பத்தித் துறையில் எண்ணிக்கையில் பாதி அவை. வேலைவாய்ப்பில் அவற்றின் பங்கு 14 விழுக்காடு மட்டுமே. சிறியவை எல்லாம் வேலை தருவதில்லை, வளர்பவையே தருகின்றன என்பதே இதன் பாடம்.

தொழிலாளர் சட்டங்களே வேலைவாய்ப்பைக் குறைத்தன என்று பெஸ்லியும் பர்கெஸும் 2004-இல் எழுதியதையும், மாநிலச் சட்டத்திருத்தங்களை அவர்கள் வகைப்படுத்திய முறையை ஆதித்ய பட்டாச்சார்ஜி கேள்விக்குள்ளாக்கியதையும் நாம் அறிவோம். அந்த விவாதம் தீரவில்லை. ஆனால், எனக்குத் தெரிந்த அந்தச் செங்கற்சுவரை எந்தப் பின்னடைவுச் சமன்பாடும் மறுக்க இயலாது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. தொழிற்சாலை வரம்பு பத்திலிருந்து இருபதாகவும், ஆட்குறைப்பு வரம்பு நூறிலிருந்து முந்நூறாகவும் உயர்ந்துள்ளன. ஈ.எஸ்.ஐ. பத்திலேயே நிற்கிறது. இதனால் சுவர் சற்றே தள்ளிக் கட்டப்பட்டிருக்கிறது. இனி பத்தொன்பதில் நிற்போர் தோன்றுவர். அதைவிடக் கவலை தருவது பாதுகாப்பு. 2025 ஜூன் 30 அன்று பாஷமைலாரத்தில் மருந்துத் துறை ஆலையொன்று வெடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். அந்த ஆலை சிறு பட்டறை அன்று. பதிவேடுகளையும் படிவங்களையும் பாதியாகக் குறையுங்கள்; கொதிகலனையும் மின்கம்பியையும் சோதிப்பதை இருமடங்காக்குங்கள். ஆபத்து ஆள் எண்ணிக்கையைப் பார்த்து வருவதில்லை.

மூன்றாவது, அரசுச் செலவு. வாரங்கல் சாலையில் உப்பல் முதல் நாரப்பள்ளி வரையிலான மேம்பாலப் பணி 2018-இல் தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் தூண்கள் மட்டுமே நின்றன; கீழே சரக்கு வண்டிகள் குழியில் ஊர்ந்தன. தொடங்கியதை முடிக்காத செலவு, தொழிலின் மீது விதிக்கப்பட்ட மறைமுக வரி. சிக்கனம் என்றால் பள்ளியையும் மருத்துவமனையையும் வெட்டுவது என்று பொருளன்று. முடிக்க இயலாததைத் தொடங்காதிருப்பதும், சிறுதொழிலாரின் பட்டியலுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் 45 நாளுக்குள் பணம் கொடுப்பதுமே சிக்கனம்.

செலவைக் கட்டுப்படுத்தாத அரசு வருவாய்க்கு நிலத்தைத்தான் பார்க்கும். 2025 நவம்பரில் வந்த ஹைதராபாத் தொழில்நில மாற்றக் கொள்கை, 9,200-க்கும் மேற்பட்ட ஏக்கர் தொழிற்பேட்டை நிலத்தைக் கட்டணம் பெற்றுக்கொண்டு குடியிருப்புக்கும் வணிகத்துக்கும் மாற்ற வழி செய்கிறது. உப்பலும் அதில் அடக்கம். மாசைக் குறைக்கவே என்கிறது அரசு. அந்த நோக்கத்தை நான் ஐயுறவில்லை. ஆனால், நில உரிமையாளருக்குப் பெரும் இலாபமும் அரசுக்குக் கட்டணமும் உறுதி என்றிருக்கும்போது, வாடகைக்கு இருக்கும் பட்டறைக்காரரும் அவருடைய எட்டுப் பேரும் எங்கே போவார்கள் என்பதற்கு விடை வேண்டும்.

ஆகவே, என் கோரிக்கைகள் எளியவை. கூட்டு வணிகத்துக்கும் கம்பெனிக்கும் ஒரே வரி. தெலங்கானாவில் ஜிஎஸ்டி வரம்பு நாற்பது லட்சம். ஆள் சேரச் சேரப் படிப்படியாக ஏறும் கடமைகள், அவற்றின் தொடக்கச் செலவில் அரசின் பங்கு. நிலம் மாற்றப்படும் முன் வாடகைப் பட்டறைகளுக்கு மாற்றிடம்.

புதிய தொகுப்புகள் வந்தபின் அந்தப் பட்டறைக்கு மறுபடியும் சென்றேன். இனி சுவரை இடிக்கலாமே என்றேன். “சட்டம் வந்துவிட்டது, சரி. அதிகாரி என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு இடிக்கலாம்” என்றார். சுவர் இன்னும் நிற்கிறது. மாற்றுக்கருத்துள்ள தோழர்கள், குறிப்பாக என் பழைய அணியினர், தரவுகளோடு மறுத்தால் மகிழ்வேன்.