திங்கட்கிழமை மட்டும் போகாதீங்க!

'லீவு நாள்ல எங்கடா போலாம்?' என்று கேட்டால், நம்ம ஏரியா பசங்களிடம் இரண்டே பதில்தான். ஒன்று பீச், இல்லாவிட்டால் மால். இந்த வாரம் மூன்றாவதாக ஒன்று சொல்கிறேன். ஐ.சி.எஃப். ரயில் மியூசியம்!

'அதெல்லாம் குட்டிப் பசங்க போற இடம் பாஸ்' என்று பக்கத்தைப் புரட்டிடாதீங்க. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஏழாம் வகுப்பில் டூர் கூட்டிப்போனார்கள். பொம்மை ரயிலில் சுற்றியதும், மரத்தடியில் புளிசாதம் சாப்பிட்டதும் ஞாபகம் இருக்கிறது. வேறெதுவும் இல்லை. மறுபடி போகவேண்டும் என்று தோன்றக் காரணம் எங்க அப்பா.

நாங்கள் பொன்னேரி. அப்பாவுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை. வருஷக்கணக்காக அதே மின்சார ரயில், அதே டிபன் பாக்ஸ். 2024 அக்டோபர் 11, ஆயுதபூஜை. கம்பெனியில் பூஜை முடித்து பொரி, கடலை பொட்டலத்தோடு ஸ்டேஷனுக்கு வந்தவருக்கு ரயில் வரவே இல்லை. அன்று இரவு எட்டரை மணி வாக்கில்தான் மைசூருவிலிருந்து தர்பங்கா போன பாக்மதி எக்ஸ்பிரஸ், கவரப்பேட்டையில் மெயின் லைனில் போகவேண்டியது லூப் லைனுக்குள் புகுந்து, நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலில் மோதியது. அப்பா தச்சூர் கூட்டு ரோடு வரை லாரியில் லிஃப்ட் கேட்டு வந்தார். நான் பைக்கில் போய்க் கூட்டிவந்தேன்.

மறுநாள் டி.வி.யில் குலைந்து கிடந்த பெட்டிகளைப் பார்த்துவிட்டு அப்பா கேட்டார். "அவ்ளோ வேகத்துல இடிச்சு, இத்தினி பெட்டி கவுந்தும் ஒரு உயிர்கூட போகல. எப்பிடிடா? நீ மெக்கானிக்கல் ஆச்சே... சொல்லு!"

ம்ஹூம்... எனக்குத் தெரியவில்லை. "அது வந்துப்பா..." என்று இழுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். செமஸ்டர் அரியரைவிட அது ரொம்ப நாள் உறுத்தியது. ஒருநாள் லைப்ரரியில் உட்கார்ந்து தேடியபோதுதான் பதில் கிடைத்தது. அதை வாயால் சொல்வதைவிட இரும்பாகவே காட்டிவிடலாம் என்று தோன்றியது. ப்ளான் ரெடி!

ப்ளான் நம்பர் 1, படு ஃப்ளாப். அப்பாவுக்கு வார லீவு திங்கட்கிழமை. இரண்டு பேரும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு போய் நின்றால் கேட் சாத்தியிருக்கிறது. மியூசியத்துக்கும் திங்கட்கிழமைதான் வார லீவு! ஒரு வார்த்தை விசாரிக்காமல் கிளம்பியது முழுக்க என் தப்பு. அப்பா திட்டவில்லை. "சரி விடுடா, அதுவும் நம்மள மாதிரிதான், ஒருநாள் லீவு வேணாமா" என்று டீ வாங்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அதனால் போன சனிக்கிழமை நான் மட்டும் தனியாகப் போய் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தேன். அந்த அனுபவத்தில் உங்களுக்கான ப்ளான் இதோ...

திருவள்ளூர் லைன் மக்களுக்கு ஈஸி. வில்லிவாக்கத்தில் இறங்கி ஆட்டோவில் 'ஐ.சி.எஃப். ரயில் மியூசியம், நியூ ஆவடி ரோடு' என்று சொன்னால் போதும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் மக்கள் பேசின் பிரிட்ஜில் இறங்கி ஆவடிப் பக்கம் போகும் வண்டிக்கு மாறணும். வழக்கமாகக் காலை 10 மணியிலிருந்து மாலை 6 மணி வரை. கிளம்பும் முன் ஒரு தடவை நேரத்தையும் கட்டணத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பட்டவன் சொல்கிறேன்!

உள்ளே போனதும் பொம்மை ரயிலுக்கு ஓடாதீங்க. ஆறு ஏக்கருக்கும் மேல் இருக்கிற இடம், 2002-ல் திறந்தது. எல்லாவற்றையும் பார்க்கணும் என்று ஆரம்பித்தால் ஒன்றும் மனதில் நிற்காது. நான் உங்களுக்கு மூன்றே மூன்று வேலை தருகிறேன்.

ஒன்று, ஊட்டி மலை ரயில் இன்ஜின். அதன் அடியில் எட்டிப் பாருங்கள். சாதாரண சக்கரத்தோடு பல்சக்கரமும் இருக்கும். நீலகிரிப் பாதையில் சில இடங்களில் 12 அடி முன்னே போவதற்குள் ஒரு அடி மேலே ஏறணும். வெறும் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை போட்டு, அதைப் பல்சக்கரம் கவ்விக்கொண்டே ஏறுகிறது. மெஷின் டிசைன் பேப்பரில் 'ரேக் அண்ட் பினியன்' படம் போட்டு மார்க் வாங்கினோமே, அதன் ஒரிஜினல்!

இரண்டு, ஃபவுலர் உழவு இன்ஜின். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் செய்தது. பார்க்க ரயில் இன்ஜின் மாதிரியே இருக்கும், ஆனால் நிலத்தை உழுவதற்காகச் செய்தது. வயலின் ஓரத்தில் நின்றுகொண்டு, கம்பிக் கயிற்றால் கலப்பையை இழுக்கும். டிராக்டருக்குத் தாத்தா!

மூன்று, இதுதான் முக்கியம். பெட்டிகளுக்கு உள்ளே எட்டிப் பார்த்தது போதும், அவற்றின் முனைக்குப் போங்கள். ஒரு பெட்டியை இன்னொன்றோடு எதை வைத்து இணைக்கிறார்கள் என்று பாருங்கள். 1955 அக்டோபர் 2-ல் நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப்.பில், சுவிட்சர்லாந்து தொழில்நுட்பத்தில் உருவான பழைய பெட்டிகளில் நடுவே கொக்கி, அதை இறுக்க ஒரு ஸ்க்ரூ, இரண்டு பக்கமும் தட்டு வைத்த பஃபர். மோதும்போது பஃபர்கள் ஒன்றைவிட்டு ஒன்று வழுக்கும். பின்னால் வரும் பெட்டி முன்னால் இருப்பதன் மேல் ஏறிவிடும். விபத்துகளில் உயிரைக் குடித்த காரணங்களில் இதுவும் ஒன்று.

இப்போது இரண்டு கை விரல்களையும் மடக்கி, ஒன்றோடு ஒன்று கொக்கி போட்டு இழுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட இதுதான் ஜெர்மன் வடிவமைப்பான எல்.எச்.பி. பெட்டியின் நடு இணைப்பு. மேலும் கீழும் நழுவாதபடி பூட்டிக்கொள்ளும், ஒன்றின் மேல் ஒன்று சுலபத்தில் ஏறாது. ஐ.சி.எஃப். தன் பழைய மாடலை 2018 ஜனவரியோடு நிறுத்திவிட்டு இதற்கு மாறிவிட்டது. கவரப்பேட்டையில் மோதியது எல்.எச்.பி. ரயில். உயிர் பிழைத்ததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், முக்கியமான காரணங்களில் ஒன்று. அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதா?

திரும்பும்போது நேரம் இருந்தால் ராயபுரத்தில் இறங்குங்கள். கும்மிடிப்பூண்டி லைனில் பீச் வரை போகும் சில வண்டிகள் அந்த வழிதான். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. வழியில் எந்த ஊர்? நம்ம திருவள்ளூர்! அந்த வருஷம் திறந்த ஸ்டேஷன் கட்டடம், அதே தூண்களோடு இன்னமும் நிற்கிறது.

இன்னொரு விஷயம் கேட்டால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வீர்கள். மும்பை - தானே பயணிகள் ரயில் ஓடியது 1853-ல். அதற்கு 16 வருஷம் முன்பே, 1837-ல், நம்ம செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு சாலை போடக் கல் ஏற்றிப்போக ரயில் பாதை போட்டுவிட்டார்கள். இந்தியாவின் முதல் ரயில் பாதை என்று சொல்லப்படுவது அதுதான். 'நம்ம ஊர்ல என்ன இருக்கு, புகையும் லாரியும்தான்' என்று சொல்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். கூட வேலை செய்கிற ஒருவரிடம் பேசி, இந்த வாரம் மட்டும் லீவை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டார். பதிலுக்கு ஒரு நைட் ஷிஃப்ட் கூடுதலாகப் பார்க்கணுமாம். அதை அம்மாவிடம்தான் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. இத்தனை வருஷம் நட்டும் போல்ட்டும் முடுக்கிய கை அது. அந்த ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் எனக்கு என்ன சொல்லித்தரப் போகிறாரோ?

உங்க வீட்டிலும் தினமும் ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர் ஒருவர் இருப்பார். ஃப்ரெண்ட்ஸோடு அப்புறம் போகலாம். முதலில் அவரைக் கூட்டிப்போங்கள். அவருடைய லீவு எந்தக் கிழமை என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்!

அடுத்த வாரம் பார்க்கலாமா? டாட்டா!