டிமாண்ட் ஃபாக்டர் வயலுக்கு வந்தால்...

லோடு ஷெட்யூல் என்றாலே நம்மில் பலருக்கு அது ஒரு பத்து மார்க் கேள்வி. கட்டம் போடு, சர்க்யூட் நம்பர் எழுது, ஆர், ஒய், பி என்று ஃபேஸ் பிரி, வாட்ஸைக் கூட்டு, டிமாண்ட் ஃபாக்டரால் பெருக்கு. கனெக்டட் லோடு 10 கிலோவாட், 0.6-ஆல் பெருக்கினால் 6. மெயின் ஸ்விட்ச் சைஸ் வந்தாச்சு. முடிந்தது கதை!

அந்த 0.6 எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டோமா? வீட்டில் கிரைண்டர் ஓடும் நேரத்தில் அயர்ன் பாக்ஸும் மோட்டாரும் சேர்ந்து ஓடாது என்ற நம்பிக்கைதான் அந்த எண். நம் டெல்டா வயலில் அந்த நம்பிக்கை செல்லாது என்பதே என் வாதம்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அதுவரை குறுவைக்குப் போர் தண்ணிதான் கதி. த்ரீ ஃபேஸ் எப்ப வரும்னு ஊரே காத்திருக்கும். நடுராத்திரி எழுந்து வயலுக்கு ஓட முடியாதென்று ஸ்டார்ட்டரில் 'ஆட்டோ' மாட்டியிருப்பார்கள். கரண்ட் வந்ததும் அத்தனை மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். டிமாண்ட் ஃபாக்டர் 1!

கணக்குப் போடுவோம். 63 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒன்று, அதில் 5 ஹெச்.பி. மோட்டார் பத்து. மொத்தம் 37.3 கிலோவாட். எஃபிஷியன்ஸி 0.8, பவர் ஃபாக்டர் 0.8 என்றால் சுமார் 58 கேவிஏ. காகிதத்தில் பாஸ்! ஆனால் ஓடும்போது 8 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது ஆறு மடங்கு இழுக்கும். பத்தும் சேர்ந்தால் 480 ஆம்பியர். டிரான்ஸ்பார்மரின் ஃபுல் லோடு கரண்ட்டோ 84-தான். வோல்டேஜ் படுத்துவிடும். 80 சதவீத வோல்டேஜில் டார்க் 64 சதவீதம்தான். மோட்டார் முக்கி முனகி வேகம் பிடிக்கும்வரை அந்தக் கரண்ட் இறங்காது. ஃபியூஸ் போகும். ஃபியூஸுக்குப் பதில் தடிமனான கம்பியைப் போட்டால் காயிலே போகும்.

"கணக்கில் 5, ஓட்டுவது ஏழரை" என்று விவசாயி மேல் பழி போடுவது சுலபம். 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம். பழைய இணைப்புகளில் பெரும்பாலும் மீட்டர் இல்லை, எல்லாம் ஹெச்.பி. கணக்குதான். ஏழரை ஓட்டுவதும் உண்டு, மறைக்க வேண்டாம். தண்ணி கீழே இறங்கிவிட்டால் சின்ன மோட்டார் ஏற்றாதே, அவர் என்ன செய்வார்? டிரான்ஸ்பார்மர் எரிந்தால், வேறு வரும்வரை கருகுவது அவர் பயிர்தானே!

அதனால் நம் லோடு ஷெட்யூலில் 'எத்தனை வாட்ஸ்' என்பதற்குப் பக்கத்தில் 'எப்போது ஓடும்' என்று இன்னொரு கட்டமும் வேண்டும் என்பேன். வழி ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஆட்டோவில் ஆன்-டிலே டைமர் வைத்து முதல் மோட்டாருக்கு 10 நொடி, அடுத்ததற்கு 20 என்று பிரித்தால் பத்தாவது மோட்டார் 100-வது நொடியில் கிளம்பிவிடும். இரண்டு நிமிஷத்தில் எந்தப் பயிரும் காயாது. கூடவே மோட்டாருக்கு ஒரு 2 கேவிஏஆர் கெப்பாசிட்டர் போட்டு பவர் ஃபாக்டர் 0.95 ஆனால், அந்த 58 கேவிஏ 49 ஆகும்.

ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு டான்சிங் லைட் செய்யப் போகும் நண்பர்கள், ஊரில் ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ள மோட்டார்களின் நேம் பிளேட்டை எழுதி வாருங்கள். டைமர் மாட்டுவது அரை நாள் வேலை. யாருக்கு எத்தனையாவது நொடி என்று உட்கார வைத்துப் பேசுவதுதான் கஷ்டம். முதல் 10 நொடியை எந்தப் பெரியவரும் விட்டுத்தர மாட்டார்!