தலைகீழ் மலை!

மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. முதலில் ஏற்றம். பிறகு இறக்கம். பாதி வழியில் கால் வலித்தால், "போதும்" என்று திரும்பிவிடலாம். திரும்பும் வழி முழுவதும் இறக்கம்தான்.

அமெரிக்காவில் ஒரு தலைகீழ் மலை இருக்கிறது. அங்கே முதலில் இறக்கம். பிறகுதான் ஏற்றம்! கால் வலி தெரியும்போது ஆள் பாதாளத்தில் இருப்பார்.

கிராண்ட் கேன்யன் என்று அதற்குப் பெயர். அரிசோனா மாநிலத்தில் உள்ள பாலைவனப் பள்ளத்தாக்கு அது. கொலராடோ ஆறு பல லட்சம் ஆண்டுகளாகப் பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கிய பள்ளம். நீளம் 446 கிலோ மீட்டர். சில இடங்களில் அகலம் 29 கிலோ மீட்டர். ஆழம் சுமார் 1,600 மீட்டர்! 1919-ம் ஆண்டில் இது தேசியப் பூங்கா ஆயிற்று.

ஆண்டுதோறும் லட்சக்கணக்கான மக்கள் வருகிறார்கள். விளிம்பில் நின்று பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சிலருக்கு அது போதவில்லை. முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆறு வரை இறங்குகிறார்கள். இரவு அங்கே தங்கி, மறுநாள் ஏறி வருகிறார்கள்.

நல்ல ஆசைதான். வீட்டில் முடங்கிக் கிடப்பதை விட இது எவ்வளவோ மேல். ஆனால், புறப்படும் முன் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து யோசிப்பவர்கள் எத்தனை பேர்?

"உடம்பில் பலம் இருக்கிறது. வேறு என்ன வேண்டும்?" என்று கேட்கிறார்கள். அங்கேதான் தவறு. இந்தப் பள்ளத்தாக்கில் பலசாலியை விட, கணக்குப் போடத் தெரிந்தவரே மேல்.

மேலே குளிர், கீழே கொதிப்பு

தென் விளிம்பு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆறு ஓடுவது சுமார் 750 மீட்டர் உயரத்தில். இறங்க இறங்க வெயில் ஏறும். ஜூலை மாதத்தில் விளிம்பில் பகல் வெப்பம் 29 டிகிரி என்றால், ஆற்றங்கரையில் 41 டிகிரி! அதுவும் நிழலில். வெயிலில் நின்றால் இன்னும் அதிகம். பாறைச் சுவர்கள் அடுப்புக்கல் போலச் சூடேறி, இரவிலும் அனல் வீசும்.

காலை 7 மணிக்கு விளிம்பில் நிற்பவருக்கு இது தெரியாது. இளங்காற்று வீசும். உற்சாகமாக இருக்கும். இறக்கத்தில் கால் தானாக ஓடும். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். நடுப்பகலில்தான் உண்மை தெரியும்.

'பிரைட் ஏஞ்சல்' என்ற பாதை வழியாக ஆற்றங்கரை முகாமுக்கு 15 கிலோ மீட்டருக்கு மேல். இறங்குவதற்கு ஆகும் நேரத்தைப் போல் இரண்டு மடங்கு, ஏறுவதற்கு ஆகும். இறங்க 4 மணி நேரம் என்றால், ஏற 8 மணி நேரம். இது பூங்காக் காவலர்கள் சொல்லும் கணக்கு. இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால், பலர் உயிரோடு வீடு திரும்பியிருப்பார்கள்.

ஒரே நாளில் ஆறு வரை இறங்கி ஏறி வர வேண்டாம் என்று காவலர்கள் எச்சரிக்கிறார்கள். கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நடக்கவே வேண்டாம் என்கிறார்கள். இரவு தங்குவதன் பயன் இதுதான். மாலையில் ஓய்வு. மறுநாள் இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் பாதித் தூரம் ஏறிவிடலாம். கோடையை விட்டுவிட்டு, வசந்த காலத்திலோ இலையுதிர் காலத்திலோ போவது அதை விடப் புத்திசாலித்தனம்.

எந்தப் பாதை என்பதும் முக்கியம். 'சவுத் கைபாப்' என்று இன்னொரு பாதை இருக்கிறது. தூரம் குறைவு, 11 கிலோ மீட்டர்தான். தூரத்தைப் பார்த்து மயங்கக்கூடாது. அது செங்குத்தான பாதை. நிழல் மிகக் குறைவு. வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. விவரம் தெரிந்தவர்கள் அதன் வழியே இறங்கி, தண்ணீர் உள்ள பிரைட் ஏஞ்சல் வழியே ஏறுகிறார்கள்.

தண்ணீரும் கொல்லும்!

பாலைவனத்தில் தாகத்தால் சாவது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தண்ணீர் குடித்தே சாவது தெரியுமா?

வேர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. சிலர் பயந்துபோய்த் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிக்கிறார்கள். ஒன்றும் சாப்பிடுவதில்லை. ரத்தத்தில் உப்பு குறைந்துவிடுகிறது. தலை வலிக்கும். குமட்டும். பிறகு புத்தி தடுமாறும். மூளை வீங்கிவிடும். பார்ப்பவர்கள், "வெயில் மயக்கம்" என்று நினைத்து, மேலும் தண்ணீர் கொடுப்பார்கள். கதை முடிந்தது!

ஆகவே தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் ஏதாவது தின்ன வேண்டும். உப்புக் கடலை, உப்பு பிஸ்கட், எதுவானாலும் சரி. பசி இல்லாவிட்டாலும் தின்ன வேண்டும். வெயிலில் பசி எடுக்காது, அதுதான் சூழ்ச்சி. சட்டையையும் தொப்பியையும் ஓடைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொள்வது இன்னொரு நல்ல வழி. அங்கே ஈரச் சட்டை தங்கச் சட்டைக்குச் சமம்.

வழியில் குழாய்த் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போவதும் ஆபத்து. பூங்காவுக்குத் தண்ணீர் தரும் பழைய குழாய் அடிக்கடி உடைகிறது. 2024 ஆகஸ்டு கடைசியில் அது உடைந்தபோது, தென் விளிம்பில் உள்ள ஓட்டல்களில் யாரும் இரவு தங்க முடியாமல் போயிற்று. விளிம்பில் உள்ள ஓட்டலுக்கே அந்தக் கதி என்றால், நடுவழியில் நிற்பவர் கதி என்ன? புறப்படும் நாள் காலையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மாத்திரையோ வடிகட்டியோ பையில் இருக்க வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 4 லிட்டர் எடுத்துப் போனால் 4 கிலோ. இந்த எடையைக் குறைக்கக் கூடாது. வேறு எதை வேண்டுமானாலும் குறைக்கலாம். மூன்றாவது சட்டை, கனமான கேமரா, தடித்த புத்தகம் எல்லாம் விளிம்பிலேயே இருக்கட்டும்.

கால் விரல் நகத்தை முதல் நாளே வெட்டிவிட வேண்டும். இறக்கத்தில் விரல்கள் செருப்புக்குள் முட்டி முட்டி, நகம் கறுத்துக் கழன்றுவிடும். காலையில் செருப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போட வேண்டும். உள்ளே தேள் இருக்கலாம். சாப்பாட்டை முகாமில் வைத்திருக்கும் இரும்புப் பெட்டிக்குள் பூட்ட வேண்டும். அங்குள்ள அணில்கள் பையைக் கடித்துக் கிழித்துவிடும். பார்க்க அழகான அணில். கையை நீட்டினால் விரலையும் கடிக்கும்!

மழை எங்கோ, வெள்ளம் இங்கே

வறண்டு கிடக்கும் ஓடையில் கூடாரம் போடுகிறவர்கள் உண்டு. மணல் மெத்தென்று இருக்கிறதாம்!

1997 ஆகஸ்டு 12-ந் தேதி, அதே அரிசோனாவில் உள்ள ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பிளவுக்குள் சுற்றுலாப் பயணிகள் இறங்கியிருந்தார்கள். மழை பெய்தது பல கிலோ மீட்டருக்கு அப்பால். அந்த வெள்ளம் திடீரென்று பாய்ந்து வந்தது. 11 பேர் செத்தார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் இடிமழைக் காலம். தலைக்கு மேல் உள்ள வானத்தை மட்டும் பார்த்தால் போதாது.

அந்த மண்ணின் சொந்தக்காரர்களான ஹவாசுபாய் மக்கள் இதையெல்லாம் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். கோடையில் பள்ளத்தாக்கில் தண்ணீர் உள்ள இடத்தில் பயிர் செய்தார்கள். குளிர் காலத்தில் மேட்டு நிலத்துக்குப் போனார்கள். பருவத்துக்குத் தகுந்தபடி நடந்தார்கள். பூங்கா வந்த பிறகு, பிரைட் ஏஞ்சல் பாதையில் உள்ள பசுமையான இடத்திலிருந்து அவர்களை வெளியேற்றினார்கள். 2022-ல்தான் அந்த இடத்துக்கு 'ஹவாசுபாய் கார்டன்ஸ்' என்று அவர்கள் பெயர் வைக்கப்பட்டது. மிகவும் தாமதமான மரியாதை!

அனுமதிச் சீட்டு எதற்கு?

பள்ளத்துக்குள் இரவு தங்க அனுமதிச் சீட்டு வேண்டும். பல மாதங்களுக்கு முன்பே மனுச் செய்ய வேண்டும். கேட்ட எல்லோருக்கும் கிடைக்காது. "காட்டில் படுக்கக் கூட சர்க்கார் சீட்டா?" என்று முணுமுணுப்பவர்கள் உண்டு.

அவர்கள் முணுமுணுப்பதில் நியாயம் இல்லை. மனுவில் எந்த இரவு எந்த முகாமில் என்று எழுத வேண்டும். அதை எழுதுவதற்காகவாவது தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் பார்க்கிறார்கள். கூட்டமும் கட்டுக்குள் இருக்கிறது. ஆபத்து என்றால், எங்கே தேடுவது என்பதும் தெரிகிறது.

1996 கோடையில் வெயிலுக்குச் சிலர் பலியானார்கள். அடுத்த ஆண்டு முதல், பாதையின் தொடக்கத்திலேயே காவலர்கள் நின்று கேட்கிறார்கள். "எங்கே போகிறீர்கள்? தண்ணீர் எவ்வளவு? சாப்பிட என்ன இருக்கிறது?" இதைக் கேட்டுக் கோபப்படுகிறவர்களும் உண்டு! அப்படியிருந்தும் ஆண்டுக்கு 250 பேருக்கு மேல் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. காப்பாற்றப் போகிறவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே? கொதிக்கும் வெயிலில் அவரும் இறங்க வேண்டும். கடும் வெப்பத்தில் ஹெலிகாப்டர் பறப்பதும் கடினம். உதவி வர நேரம் ஆகும். "போன் செய்தால் வந்து தூக்கிப் போவார்கள்" என்று எண்ணுவது சுயநலம். பள்ளத்துக்குள் பல இடங்களில் போனே வேலை செய்யாது என்பது வேறு விஷயம்.

2004 ஜூலையில், நெடுந்தூர ஓட்டப் பந்தயங்களில் ஓடிய இளம் வீராங்கனை ஒருவர் இந்தப் பள்ளத்தில் தாகத்தால் இறந்தார். கொண்டு போன தண்ணீர் இரண்டு லிட்டர் கூட இல்லை. கூட வந்தவரும் அவரும் வழியில் பிரிந்துவிட்டார்கள். அவரை விட உடல் பலம் உள்ளவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நாலு பேர் போனால், மெதுவாக நடப்பவரின் வேகம்தான் நாலு பேருக்கும் வேகம். முந்தி ஓடுகிறவர் வீரர் அல்ல.

பாதி வழியில் திரும்பி வருகிறவரைக் கேலி செய்யும் பழக்கமும் ஒழிய வேண்டும். கேலிக்குப் பயந்தே பலர் மேலும் இறங்குகிறார்கள்.

வீட்டில் ஒரு சீட்டு

எல்லா ஏற்பாட்டிலும் சுலபமான ஏற்பாடு ஒன்று உண்டு. காசு செலவில்லை. எடையும் இல்லை. "இந்தப் பாதையில் போகிறேன். இந்த முகாமில் தங்குகிறேன். இந்த நாள், இந்த மணிக்குள் வராவிட்டால் பூங்காவுக்குச் சொல்லுங்கள்" என்று எழுதி, வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதுதான் அது. இதைத்தான் பலர் செய்வதில்லை. வீட்டில் பயப்படுவார்களாம்!

2003 ஏப்ரல் 26-ந் தேதி, ஆரன் ரால்ஸ்டன் என்ற 27 வயது இளைஞர், யூட்டா மாநிலத்தில் உள்ள புளூ ஜான் கேன்யனில் தனியாக நடந்தார். நல்ல அனுபவசாலி. ஒரு பெரிய பாறை உருண்டு, அவருடைய வலது கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. எங்கே போகிறார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. 5 நாட்கள் அப்படியே நின்றார். தண்ணீர் தீர்ந்தது. கடைசியில், எலும்பை முறித்து, மழுங்கிய சிறு கத்தியால் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார்!

அவர் வேலைக்கு வராததைக் கண்டு நண்பர்கள் சந்தேகப்பட்டார்கள். பெற்ற தாய் அங்கும் இங்கும் விசாரித்துத் தேட வைத்தார். தேடி வந்த ஹெலிகாப்டர்தான் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தது.

இந்தச் சம்பவம் 2010-ல் '127 அவர்ஸ்' என்ற படமாக வந்தது. இசை அமைத்தவர் ஏ.ஆர். ரகுமான். அந்தப் படம் முடியும்போது திரையில் சில வரிகள் வருகின்றன. ரால்ஸ்டன் இன்னும் மலைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் நடக்கிறாராம். ஆனால் இப்போது, எங்கே போகிறார் என்று எழுதி வைத்துவிட்டுத்தான் புறப்படுகிறாராம்.