மாடி இல்லாத வீட்டுக்கும் வெந்நீர்



சூரிய வெந்நீர்க் கருவி என்றதும் நம் மனக்கண்ணில் வருவது மாடி வீடுதான். மொட்டை மாடியில் சாய்வாகக் கண்ணாடிக் குழாய்கள், தலைமாட்டில் ஓர் உருளைத் தொட்டி. "அதெல்லாம் மாடி உள்ளவனுக்குப்பா" என்று எங்கள் குருவிநத்தத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். இது தவறான முடிவு என்பதே என் தாழ்மையான கருத்து.

மார்கழிக் குளிரில் வெந்நீர் யாருக்கு வேண்டும்? பிள்ளை பெற்ற தாய்க்கு, கைக்குழந்தைக்கு, மூட்டு வலியில் முனகும் ஆயாவுக்கு. அதைக் காய வைப்பது யார்? விடியுமுன் எழுந்து ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவக்கும் பெண்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். "நீ படிக்கிற படிப்புல இந்தப் புகைக்கு ஒரு வழி இல்லியாடா?" என்று அம்மா கேட்டாங்க. வழி இருக்கிறது.

100 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 3.5 யூனிட் மின்சாரம் செலவாகும். தினமும் என்றால் மாதத்துக்கு 105 யூனிட். கூலி வேலைக் குடும்பம் தாங்குமா? அதே வேலையை வெயில் சும்மா செய்கிறது. சூடான நீர் எடை குறைந்து மேலே ஏறும். குளிர்ந்த நீர் கீழே இறங்கும். மோட்டார் வேண்டாம், கரண்டு வேண்டாம்.

வெயிலின் வலிமையில் சந்தேகம் உள்ளவர்கள், புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில்லுக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே சூரிய சமையற்கூடத்தின் மேல் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் ஒன்று வெயிலைக் குவித்து, சமையலுக்கு நீராவி தருவதற்காக அமைக்கப்பட்டது.

சரி, இதற்கு மாடி எதற்கு? வெயில் தடையின்றிப் படவும், தண்ணீர் தானாகக் குழாயில் இறங்கவும்தான். தோட்டத்தில் இரும்புத் தாங்கி ஒன்று நட்டால் இரண்டும் நடக்கும். தெற்கு பார்த்து வைக்க வேண்டும். காலை 9 முதல் மாலை 3 வரை தென்னை நிழல் விழக் கூடாது. பச்சைத் தண்ணீர்த் தொட்டி, வெந்நீர்த் தொட்டியைவிட உயரமாக இருக்க வேண்டும். மாடும் பிள்ளைகளும் மோதாமல் ஒரு வேலி. உப்புத் தண்ணீர் என்றால் படிவம் கட்டும். அவ்வப்போது கழுவிவிட வேண்டும். அவ்வளவுதான்!

ஆனால் திட்டம் போடுகிறவர்களுக்கும் கூரைதான் கண்ணில் படுகிறது. 2024-இல் மத்திய அரசு தொடங்கிய வீட்டுச் சூரிய மின் திட்டத்துக்கும் தகடு பொருத்தத் தகுந்த கூரை வேண்டும். கீற்று வீட்டுக்காரர் எங்கே போவார்?

விலை அதிகம் என்பது உண்மையே. ஒரு வீட்டால் முடியாததை நாலு வீடு சேர்ந்தால் செய்யலாம். தெருக்குழாய் பொதுவாக இருக்கும்போது, தெருவுக்கு ஒரு வெந்நீர்த் தொட்டி ஏன் பொதுவாக இருக்கக் கூடாது? மகளிர் சுய உதவிக் குழு தவணை கட்டலாம். தாங்கியை வெல்டிங் செய்யவும், குழாய் இணைக்கவும் நம் பட்டறையில் கற்ற கைகள் இருக்கின்றன.

எனவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சுவருக்கு வெள்ளையடிப்பதோடு நில்லாமல், மாடி இல்லாத ஒரு தெருவில் ஒரே ஒரு தாங்கியை நட்டுக் காட்டுவோம். டிப்ளமோ என்பது வேலைக்கான சீட்டு மட்டுமல்ல தோழர்களே, நம்மைப் படிக்க வைத்தவர்களுக்கு நாம் பட்ட கடன்!

— இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன், குருவிநத்தம்