மண்ணு இழுத்துக்கும் சார்!

உங்கள் வீட்டு போர்வெல்லுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே எத்தனை அடி? தெரியாதல்லவா? போன மாதம் வரை எனக்கும் தெரியாது. தண்ணீர் ஒரு மாதிரி வாடை அடிக்கிறது என்று கீழ்வீட்டுக்காரர் புகார் சொல்ல, டேப் பிடித்து அளந்தோம். இருபத்தாறு அடி. கட்டிக் கொடுத்தவருக்கு போன் போட்டேன். "மண்ணு எல்லாத்தையும் இழுத்துக்கும் சார். கீழ போறது ஃபில்டர் ஆன தண்ணிதான்" என்றார், குழந்தைக்குச் சொல்வது போல.

இது முழுப் பொய் இல்லை என்பதுதான் வில்லங்கமே. நல்ல மணல் வடிகட்டும். பருக்கைகளின் இடுக்கில் வளைந்து வளைந்து தண்ணீர் இறங்கும்போது கிருமிகள் மணலில் ஒட்டிக்கொள்ளும், நாளடைவில் செத்தும் போகும். ஆனால் எங்கள் ஏரியா பல்லாவரத்தை ஒட்டியது. பத்து, பதினைந்து அடிக்குக் கீழே மணலுமில்லை, மண்ணுமில்லை. சார்னோகைட் பாறை. (கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் இங்கே பரங்கிமலைப் பக்கத்துச் சரக்கு, அதனால் வந்த பெயர்.) தமிழ்நாட்டில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட இப்படிக் கடினப் பாறைதான்.

பாறைக்குள் தண்ணீர் எங்கே இருக்கிறது? விரிசலில். போர் போடுகிறவர்கள் தேடுவதே அதைத்தான். விரிசலின் அகலம் இரண்டு மடங்கானால், பாயும் தண்ணீர் எட்டு மடங்காகும். அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் என்று வையுங்கள். ஈ-கோலை பாக்டீரியாவின் நீளம் அதில் ஐம்பதில் ஒரு பங்கு. வைரஸ் இன்னும் பொடி. இவர்களுக்கு அது விரிசல் இல்லை சார், ஜி.எஸ்.டி. ரோடு!

இன்னொரு கூத்தும் உண்டு. கரைந்த உப்பைவிடக் கிருமி முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம். ரங்கநாதன் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். உப்பு, வழியிலுள்ள கடைகளிலெல்லாம் ஏறி இறங்குகிற ஆள். விரிசலின் இருபுறமும் பாறையிலுள்ள நுண்துளைகளில் புகுந்து புகுந்து வரும். கிருமி தலையில் பெரிய மூட்டையோடு போகிறவர். கடைக்குள் நுழைய முடியாது. நடுத்தெருவில் நேரே மாம்பலம் ஸ்டேஷன்தான். மழை வந்தால் இன்னும் மோசம். கோடையெல்லாம் மண்ணில் ஒட்டிக்கிடந்ததுகூட, உப்புக் குறைந்த மழைத்தண்ணீர் இறங்கும்போது பிடி விட்டுக் கிளம்பும்.

கதை விடவில்லை. 2000-ஆம் ஆண்டு மே மாதம் கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்து வாக்கர்ட்டன் என்ற சின்ன ஊர். ஐந்தாயிரம் பேர்கூட இல்லை. அடைமழை. பக்கத்துப் பண்ணையில் போட்டிருந்த மாட்டுச்சாணத்திலிருந்த கிருமி, மெல்லிய மண்ணைத் தாண்டி, விரிசல் விட்ட பாறை வழியாக ஊர்க் கிணற்றுக்குள் இறங்கியது. ஏழு பேர் செத்தார்கள். 2,300 பேருக்கு மேல் படுத்தார்கள். நீதிபதி ஓ'கானர் விசாரணை நடத்தினார். குளோரின் சரியாகப் போடாமல், போட்டதாகப் பொய்க்கணக்கு எழுதியதும் வெளியே வந்தது. பாறை மட்டும் குற்றவாளி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பண்ணைக்காரர்மீது தவறே இல்லை என்றார் நீதிபதி. அவர் முறைப்படிதான் எரு போட்டிருந்தார். முறையை எழுதியவர்களுக்குப் பாறையின் குணம் தெரிந்திருக்க வேண்டாமா? இத்தனை அடி தள்ளி இருந்தால் போதும் என்று காகிதத்தில் எழுதிவிட்டால் பாறை அதைப் படித்துப் பார்த்தா விரிசல் விடுகிறது?

மண்ணை நம்பிக் கெட்டவர்கள் நாம் மட்டுமில்லை. புளூட்டோனியம் தண்ணீரில் லேசில் கரையாது, பாறையில் ஒட்டிக்கொள்ளும், நகராது என்று அணு விஞ்ஞானிகளே நம்பியிருந்தார்கள். அமெரிக்காவில் நெவாடா பாலைவனத்துக்கு அடியில் 1968-ல் ஒரு குண்டு வெடித்தார்கள். பெயர் பென்ஹாம். அதன் புளூட்டோனியம் 1.3 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிணற்றில் தட்டுப்பட்டதாக 1999-ல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. மிகமிகக் கொஞ்சம்தான். ஆனாலும் ஐசோடோப்பு விகிதம் கைரேகை மாதிரி பொருந்தியது. கரைந்து வரவில்லை, களிமண் துணுக்குகள் மேல் ஒட்டிக்கொண்டு சவாரி செய்து வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் 'கூழ்மம்' என்று இரண்டு மார்க்குக்குப் படித்தோமே, அந்த சைஸ் துணுக்குகள்.

நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? கையில் ஒரு டி.டி.எஸ். மீட்டர். தண்ணீரில் முக்கி, "முன்னூறுதான் சார், சூப்பர்" என்கிறார்கள். அந்த மீட்டர் காட்டுவது கரைந்த உப்பை. கிருமி கோடிக்கணக்கில் நீந்தினாலும் அதற்குத் தெரியாது. கேன் வாட்டர் இருக்கே என்பீர்கள். பல் தேய்ப்பது எதில்? கொத்துமல்லி அலசுவது எதில்? போர் போடும்போது கேசிங் பைப்பைக் கெட்டிப்பாறைக்குள் இறக்கி, சுற்றிலும் சிமென்ட் கலவை ஊற்றி அடைக்கச் சொல்லி எத்தனை பேர் நின்று பார்த்தோம்? நாலு அடி பைப் குறைந்தால் காசு மிச்சம் என்றல்லவா சந்தோஷப்பட்டோம்?

போன ஞாயிறு அசோசியேஷன் மீட்டிங்கில் சொன்னேன்: செப்டிக் டேங்கை ஒழுகாமல் பூசுவோம், தண்ணீரை லேபில் கொடுத்துக் கிருமி பார்ப்போம், அதற்கும் முன்னால் பச்சைச் சாயம் வாங்கி டாய்லெட்டில் ஊற்றிவிட்டு, போர் தண்ணீரில் வருகிறதா என்று சில நாள் பார்ப்போம், பெரிய செலவில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். செகரட்டரி மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"பச்சையா வந்துட்டா, நாலாவது மாடி ஃபிளாட்டை எப்படி சார் விக்கறது?"