வாங்கிய பெட்டிக்கு வழக்கு வந்தால்...



போடிநாயக்கனூரிலிருந்து முந்தலைக் கடந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போடிமெட்டை அடைந்தவர்களுக்கு அப்பால் விரியும் ஏலத் தோட்டங்கள் நன்கு தெரிந்திருக்கும். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் தோட்டத்து வீடுகள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடக்கின்றன. கேபிள் கம்பி ஏறாத அந்த மேடுகளிலும் கூரைக்குக் கூரை தட்டு ஆன்டெனா உண்டு.

அப்படியொரு வீட்டில் என் பெரியத்தா சில ஆண்டுகளுக்கு முன்னர், நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைக்கும் டி.டி.எச். பெட்டி ஒன்றை விலை கொடுத்து வாங்கினார்கள். போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும் நாளில் தவறவிட்ட செய்திகளையும், ரமலானில் தராவீஹ் நேரத்தில் ஒளிபரப்பாகும் நிகழ்ச்சிகளையும் பிறகு பார்ப்பதற்கு அது உதவியது. அமெரிக்காவில் இத்தகைய பெட்டிகளின் வேலையை நிறுத்துமாறு நீதிமன்றமே உத்தரவிட்ட செய்தியை யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கின்றார்கள். "நாம் காசு கொடுத்து வாங்கிய சாமான். எவனோ ரெண்டு கம்பெனிக்காரன் சண்டையில அது நின்னு போகுமாப்பா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. உங்களில் பலருக்கும் பயன்படும் என்பதால் இம்மாதம் அதனையே எடுத்துக்கொள்கின்றேன்.

அந்த அமெரிக்கச் செய்தி உண்மைதான். வழக்குத் தொடுத்தது டிவோ என்னும் நிறுவனம். எதிராளி டிஷ் நெட்வொர்க் சேவையை நடத்திய எக்கோஸ்டார். நீங்கள் செய்தி பார்த்துக்கொண்டிருக்கையில் கதவு தட்டப்படுகின்றது. பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டுச் செல்கின்றீர்கள். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து பார்க்கின்றீர்கள். அதற்குள் வந்த பகுதியையும் பெட்டி தன் வட்டில் எழுதிக்கொண்டே இருக்கின்றது. ஒரே நேரத்தில் எழுதுவதும் படிப்பதுமான இவ்வேலையைச் செய்யும் முறைக்கு டிவோ 2001-ல் பேட்டன்ட் எனப்படும் காப்புரிமையைப் பெற்றிருந்தது. அம்முறையை எக்கோஸ்டார் அனுமதியின்றிக் கையாண்டது என்று 2004-ல் டெக்சாஸ் மாநிலத்தில் வழக்கிட்டது. 2006 ஏப்ரலில் ஜூரிகள் டிவோவின் பக்கம் தீர்ப்பளித்தனர். இழப்பீடு ஏறத்தாழ 7 கோடியே 40 லட்சம் டாலர்.

பணத்தோடு நின்றிருந்தால் அது இரு நிறுவனங்களின் கணக்கு. அவ்வாண்டு ஆகஸ்டில் நீதிபதி மேலும் ஓர் உத்தரவிட்டார். ஏற்கெனவே வாடிக்கையாளர் வீடுகளில் ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளிலும், சிறு எண்ணிக்கை நீங்கலாக, பதிவு செய்யும் வசதியை 30 நாட்களுக்குள் முடக்க வேண்டும் என்பதே அது! வீட்டுக்காரர் வழக்கில் வாதியுமல்லர், பிரதிவாதியுமல்லர். அவரை எவரும் சாட்சிக்குக்கூட அழைக்கவில்லை. ஆயினும் அவர் வீட்டுக் கூடத்தில் இருக்கும் பொருளின் கை கால்களைக் கட்ட உத்தரவாயிற்று.

இஃது எப்படிச் சாத்தியம் என்று கேட்பீர்கள். தையல் எந்திரத்தையோ மாவு அரைக்கும் கிரைண்டரையோ இவ்வாறு செய்ய இயலாது. விற்றவன் வீடு வீடாக வந்து கழற்ற வேண்டியிருக்கும். டி.டி.எச். பெட்டியோ வானத்துச் செயற்கைக்கோள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது. அதனுள் இருக்கும் மென்பொருளை அந்த வழியாகவே மாற்றிவிடலாம். எக்கோஸ்டாரே இதனை நிரூபித்துக் காட்டியது. முடக்கும் உத்தரவை மேல்நீதிமன்றம் நிறுத்தி வைத்திருந்த இடைவேளையில், காப்புரிமையில் சிக்காத வேறு மென்பொருளைத் தயாரித்து வாடிக்கையாளர் பெட்டிகளுக்கு வானவழியே இறக்கியது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் தம் பெட்டிக்குள் ஆள் மாறியதை உணர்ந்திருப்பார்கள்! புதிய மென்பொருளும் உத்தரவை மீறியதே என 2009-ல் நீதிமன்றம் கூறியது. எக்கோஸ்டார் மீண்டும் மேல்முறையீடு செய்தது. 2011 மே மாதம் 50 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. பெட்டிகள் நிற்கவில்லை. ஆனால் ஐந்தாண்டுக் காலம் லட்சக்கணக்கான குடும்பங்களின் பெட்டிமேல் கத்தி தொங்கியது. அந்த 50 கோடி கடைசியில் யார் சந்தாவிலிருந்து கிளம்பியிருக்கும் என்பதை வியாபாரம் தெரிந்த வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"அமெரிக்கக் கதை நமக்கெதற்கு?" என்று எண்ண வேண்டாம். நம் மதுரையிலேயே ஒரு கதை உண்டு. போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். ரோமிங் கட்டணம் இருந்த அந்நாளில், மேலே வரும் அழைப்பை எடுத்தாலும் காசு. ஆகவே தோட்டக்காரர்கள் தமிழ்நாட்டு எண்ணுக்கொன்றும் கேரள எண்ணுக்கொன்றுமாக இரு கைப்பேசிகளைச் சுமந்தார்கள். இரண்டு சிம் கார்டு போடும் கைப்பேசி வந்தபோது அது இம்மலைக்கென்றே செய்தது போலிருந்தது. மதுரையைச் சேர்ந்த சோமசுந்தரம் ராம்குமார் அத்தகைய கைப்பேசிக்கு 2002-ல் விண்ணப்பித்து 2008-ல் இந்தியக் காப்புரிமை பெற்றார். இறக்குமதியாகும் இரட்டைச் சிம் கைப்பேசிகளைத் தடுக்கச் சுங்கத் துறையிடம் முறையிட்டார். 2009-ல் சரக்குகள் சுங்கத்தில் முடங்கின. சாம்சங் முதலிய நிறுவனங்கள் எதிர்த்து நின்றன. 2012-ல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அக்காப்புரிமையையே ரத்துச் செய்தது. காப்புரிமையைக் காட்டிச் சுங்கத்தில் சரக்கை நிறுத்தும் அவ்வழியும் 2018-ல் விதித் திருத்தத்தால் அடைக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் தம் உரிமையைக் கேட்பது தவறென்று நான் சொல்லவில்லை. உழைத்தவனுக்குக் கூலி வேண்டும். இந்த ஏலமலையிலேயே, இடுக்கி விவசாயி ஒருவர் தேர்ந்தெடுத்த ஞள்ளானி ரகத்தின் தட்டைகளை ஊரே பிரித்து நட்டுச் செழித்தது. கண்டறிந்தவருக்கு அதற்கேற்ற பங்கு கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

இப்போது பெரியத்தாவின் கேள்விக்கு வருவோம். நமது காப்புரிமைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, செய்வதையும் விற்பதையும் மட்டுமன்றிப் பயன்படுத்துவதையும் காப்புரிமையாளரின் தனி உரிமைக்குள் வைக்கின்றது. எழுத்தின்படி பார்த்தால் வாங்கியவரும் அதற்குள் வருகின்றார். எனினும் அஞ்ச வேண்டாம். காப்புரிமை இருப்பது தெரியாதென்றும், தெரிந்திருக்க நியாயமில்லையென்றும் நிரூபிப்பவரிடம் நட்டஈடு வாங்க முடியாது என 111-ஆம் பிரிவு கூறுகின்றது. வீடு வீடாகச் சென்று வழக்கிடுபவரும் இல்லை. உண்மையான இடர், பெட்டியோ அதன் ஒரு வசதியோ நின்றுபோவதுதான்.

அப்படி நேர்ந்தால் வாங்கியவர் கேட்க வேண்டியது காப்புரிமையாளரை அன்று, விற்றவரை. 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, வாங்கியவர் தொல்லையின்றி அப்பொருளை அனுபவிப்பார் என்ற உறுதியை விற்பவர் தலையில் வைக்கின்றது. இதே பொருள்படும் ஆங்கிலச் சட்டத்தின் கீழ் ஒரு தீர்ப்பு வந்தது. சாலையில் கோடு போடும் இயந்திரங்களை ஒரு நிறுவனம் 1970-ல் வாங்கிற்று. பிறகு வேறொருவர் பெற்ற காப்புரிமையால் அவற்றை ஓட்ட முடியாத நிலை வந்தது. விற்ற நேரத்தில் விற்றவருக்கே அது தெரியாது. அப்படியிருந்தும் பொறுப்பு விற்றவருடையதே என்றார் டென்னிங் பிரபு. நம் நீதிமன்றங்களை இது கட்டுப்படுத்தாது. ஆயினும் எடுத்துக்காட்டத் தக்கது.

ஆகவே பெட்டியை வாங்கும்போது ரசீதில் 'விற்பனை' என்றிருக்கின்றதா, 'வாடகை' என்றிருக்கின்றதா என்று பாருங்கள். வாடகையென்றால் பெட்டி உங்களுடையதன்று. மேலே சொன்ன 14-ஆம் பிரிவும் உங்களுக்கு உதவாது, ஒப்பந்தத்தில் எழுதியுள்ளதே கணக்கு. பொடி எழுத்தில் அச்சிட்ட அந்தத் தாளில், எந்த வசதியையும் எப்போது வேண்டுமாயினும் மாற்றவோ நீக்கவோ உரிமை உண்டு என்ற வாசகம் இருக்கின்றதா என்று கண்ணாடி போட்டாவது தேடுங்கள். பதிவு வசதிக்கென்று கூடுதல் பணம் கொடுத்திருந்தால் அந்தத் தொகை ரசீதில் தனியே தெரியுமாறு கேட்டு வாங்குங்கள். குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தேனியிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்.

இவையனைத்தையும் பெரியத்தாவிடம் விளக்கினேன். ரசீதைத் தேடச் சொன்னேன். ஏலக்காய் விற்ற சீட்டுகள் இருபது ஆண்டுகளுக்குரியவை ஒன்று விடாமல் கட்டி வைத்திருந்தார்கள். பெட்டியின் ரசீது மட்டும் அகப்படவில்லை.