பியானோவுக்குள் திருகாணி

ஜோன் கேஜ் என்றாலே நம் இலக்கிய நண்பர்கள் சிலரிடம் ஒரே ஏச்சுத்தான்: "சும்மா இருந்ததை இசையென்று விற்றவன்." புதுக்கவிதைக்காக வரிந்துகட்டி வாதாடியவர்களே இப்படிச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

1952 ஓகஸ்ட் 29இல் வுட்ஸ்டொக்கில் டேவிட் டியூடர் பியானோ முன் அமர்ந்து, ஒரு சுரமும் வாசிக்காமல் எழுந்தது உண்மை. ஆனால் சபை மௌனமாகவா இருந்தது? முதற் பகுதியில் வெளியே காற்று, இரண்டாவதில் கூரையில் மழைத்துளி, மூன்றாவதில் சனங்களின் முணுமுணுப்பு என்று கேஜ் பின்னர் நினைவுகூர்ந்தார். அதுதான் அங்கு இசை. (இந்த ஒன்றையே தூக்கிப் பிடித்து, மற்றதையெல்லாம் மறைத்த ரசிகர்களிலும் பிழை உண்டு.)

ஏசுகிறவர்கள் 1946 - 48இல் அவர் எழுதிய 'சொனாட்டாஸ் அண்ட் இன்டர்லூட்ஸ்' கேட்டதுண்டா? 45 சுரங்களின் தந்திகளுக்கிடையே திருகாணி, சுரை, இறப்பர்த் துண்டு என்று செருக வேண்டும். எதை, எந்தத் தந்தியில், எத்தனை அங்குலத்தில் என்பதற்கு அட்டவணையே போட்டிருக்கிறார். சும்மா இருப்பவன் செய்கிற வேலையா இது? கட்டையை அழுத்தினால் ஒன்று மரத்தில் தட்டுவதுபோல், இன்னொன்று நசுங்கிய மணிபோல். வாசிப்பவர் ஒருவர்தான், கேட்பதோ ஒரு தாளவாத்தியக் குழு.

"மேலைத்தேயப் பம்மாத்து" என்பது அடுத்த குற்றச்சாட்டு. இருபது உருப்படிகள் கொண்ட அந்தப் படைப்பில் கேஜ் வெளிப்படுத்த முயன்றது இந்திய மரபின் ரசங்களை. அவற்றை அவர் படித்தறிந்தது 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியின் எழுத்துகளில்.